ஒழுங்கையில் விட்ட வள்ளம்

மார்ச் மாதம் முடியப்போகிற ஒரு காலையில், ரொறன்ரோவின் புறநகரில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையின் வாகனத் தரிப்பிடத்தில், ஒரு காரின் தலையில் வள்ளமொன்று கவிழ்ந்து கிடந்தது. சுற்றிவர அழுக்குப் பனி குவிந்து கிடக்கிறது. மூச்சுவிட்டால் மீசையில் உறைகிற குளிர். அதற்குள் பச்சை நிறத்தில், இரண்டு முனையும் கூராக, வாரால் இறுக்கிக் கட்டப்பட்ட ஒரு வள்ளம். பஸ்ஸால் இறங்கிய நான் நடக்காமல் நின்றுவிட்டேன். தண்ணீர் இல்லாத இடத்தில் வள்ளத்தைக் கண்டால் என்னால் கடந்து போகமுடியாது. ஏன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆறட்டும் என்று ஒரு வருடம் பொறுத்துப் பார்த்தேன், ஆறவில்லை.

அந்தக் கார் எங்கள் மேற்பார்வையாளன் வேய்னுடையது. அந்த வள்ளத்துக்குப் பெயர் கனூ. வடக்கே, கார்ப் பயணமாக அரை நாள் தூரத்தில், காடும் ஏரிகளுமாக ஒரு பெரிய வனப்பகுதி இருக்கிறது. வீடில்லை, கடையில்லை, தெருவில்லை. ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தலையில் சுமந்துகொண்டு காட்டுப்பாதையால் நடக்கவேண்டும். அப்படிச் சுமப்பதற்கு ‘போர்ட்டேஜ்’ என்று பெயர். இதையெல்லாம் ஆட்கள் விடுமுறை எடுத்து, தங்கள் காசைச் செலவழித்துச் செய்கிறார்கள். குளிர்காலம் முழுக்க உறைந்துபோன ஏரிகளில் பனிக்கட்டி உடைந்து தண்ணீர் தெரிகிற நாளுக்கு ‘ஐஸ் அவுட்’ என்று பெயர். அந்த நாளுக்காக வேய்ன் தினமும் வடக்கே யாருக்கோ தொலைபேசி எடுத்து விசாரிப்பான். மதியச் சாப்பாட்டு மேசையில் அதை எங்களுக்கு அறிவிப்பான். எங்கள் ஊரில் ஷெல் எந்தப் பக்கம் விழுகிறது என்று சனம் விசாரித்த அதே அக்கறை அவன் முகத்தில் இருக்கும். ஐஸ் போன கையோடு ‘ட்ரவுட்’ என்ற மீன் மேல்தண்ணீருக்கு வருமாம். பிறகு வெயில் ஏற, மீன் ஆழத்துக்குப் போய்விடும், காட்டில் கடிக்கிற ஈயும் வந்துவிடும். இரண்டுக்கும் இடையில் கிடைக்கிற சில நாட்கள்தான் அவனுக்குப் பெருநாள்.

ஒருநாள் அவன் என்னிடம், ஊரில் நீ என்ன செய்தாய் என்று கேட்டான். “ஃபிஷர்மன்” என்றேன். அவன் எழும்பி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினான். “நானும்தான்!” என்றான். எனக்குச் சிரிப்பதா எரிந்து விழுவதா என்று தெரியவில்லை. எங்கள் தகப்பன், அப்பு, கடலுக்குப் போன மனிதர். அண்ணையும் நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலுக்குப் போனோம். பருத்தித்துறைக் கரையில் நாங்கள் மீனவர் என்பது எங்களுக்குப் பிறப்பு. எங்களைப் பார்த்த மற்றவர்களுக்கு அது எங்கள் சாதி. இந்த மனிதனுக்கோ அது ஒரு லீவு. அவன் பிழையாக விளங்கிக்கொண்டான் என்பதை விளக்க என்னிடம் ஆங்கிலம் இல்லை. ஆனால், நீயும் எங்களோடு வா என்று அவன் கேட்டபோது நான் உடனே ஓம் என்றேன். நாலு வருடமாக ஒரு தூண்டில் கயிறுகூட என் கையில் படவில்லை. பிளாஸ்ரிக் கதவுகளுக்கு ஓட்டை போடுகிற வேலை. எந்தத் தண்ணீராக இருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அதைப் பக்கத்து மேசையில் இருந்து சிவநாதன் கேட்டுக்கொண்டிருந்தார். கரவெட்டிக்காரர். ஊரில் அரசாங்க உத்தியோகம், வீட்டைச் சுற்றிப் பெரிய வளவு, வெங்காயத் தோட்டம். இங்கே என்னோடு அதே கதவுக்கு அதே ஓட்டை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே அவரை அடையாளம் கண்டுகொண்டேன். அவர் என்னை அடையாளம் கண்டதாகக் காட்டவில்லை. “தம்பி ஊரிலை எவடம்?” என்று கேட்டார். பருத்தித்துறை என்றேன். “பருத்தித்துறையிலை எவடம்?” முனைப் பக்கம் என்றேன். அது முழுக்கக் கடல்காரர் குடியிருக்கிற இடம். அவ்வளவுதான், அவருக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, கதையை நிறுத்திவிட்டார். பதினாயிரம் மைல் பறந்து வந்தும் எங்கள் ஆட்களுக்கு இந்த ‘எவடம்’ மட்டும் தொலையவில்லை. இதை வாசிக்கிற நீங்களும் கேட்டிருப்பீர்கள். இல்லையென்று சத்தியம் செய்யாதீர்கள்.

“மிஸ்டர் வேய்ன், எனக்கும் சின்னனிலையிருந்து மீன்பிடியிலை சரியான விருப்பம்” என்று சிவநாதன் ஆங்கிலத்தில் சொன்னார். வேய்னுக்கு இரட்டிப்புச் சந்தோசம். ஒரு கனூவில் இரண்டு பேர். வேய்னும் அவனோடு வரவிருந்த இன்னொருவருமாக வெள்ளைக்காரர் இருவர், தமிழர் இருவர், கணக்குச் சரி. “நீங்கள் இரண்டு பேரும் ஒரு கனூவிலே போகலாம், உங்கள் பாஷையிலே பேசிக்கொண்டு போகலாம்” என்றான். எங்களுக்கு அவன் செய்கிற பெரிய உபகாரம் என்று நினைத்தான்.

சின்னனிலிருந்து விருப்பமாம். அந்த விருப்பத்தின் கதையை இப்போது சொல்கிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு திரும்பவும் சண்டை தொடங்கியபோது எங்கள் கரையில் ஒரு வள்ளமும் தப்பாது என்று தெரிந்துவிட்டது. கடலுக்குப் போகத் தடை. கரையில் இழுத்துவிட்ட வள்ளங்கள் ஷெல் விழுந்து ஒவ்வொன்றாக எரிந்துகொண்டிருந்தன. எங்களுடையது அப்பு விட்டுப்போன மரவள்ளம். நீலப் பெயின்ற் அடித்து, வெள்ளையால் மாதாவின் பெயர் எழுதியது. அப்பு போன பிறகு எங்களுக்கு மிஞ்சிய ஒரே சொத்து. அதை எப்படியாவது கடலிலிருந்து தள்ளி, உள்ளூருக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால், நிலைமை மாறினபிறகு திரும்ப இறக்கலாம் என்று அண்ணை சொன்னார். டீசல் இல்லாத காலம், உழவு மெசினுக்கு வழியில்லை. இரண்டு மாட்டுவண்டிகளை முன்னும் பின்னுமாக விட்டு, வள்ளத்தை அதன்மேல் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டு கரவெட்டிக்குப் போனோம். வழியெல்லாம் பனங்காணிகளுக்கு நடுவே நீல வள்ளம் ஆடி ஆடிப் போனதைச் சனம் வாய்பிளந்து பார்த்தது.

சிவநாதன் வீட்டுக்குத்தான் போனோம். வேறு யாரையும் உள்ளூரில் எங்களுக்குத் தெரியாது. அந்த மனிதர் கிழமைக்கு இரண்டு தரம் சைக்கிளில் கரைக்கு வருவார். வள்ளம் கரை தட்டுமுன்னமே நின்று, நல்ல விளைமீனாக, நல்ல பாரையாகப் பார்த்துத் தெரிந்தெடுத்துக்கொண்டு போவார். வளவில் பெரிய வண்டிக்கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. எங்களைக் கண்டதும் படலை வரைக்கும் வந்தார். படலையைத் திறக்கவில்லை.

“உதை ஏன்ரா இஞ்சை கொண்டந்தனீங்கள்?”

அண்ணை தோளிலிருந்த துவாயைக் கையில் எடுத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். கொட்டிலில் ஒரு மூலை போதும் என்றார்.

“வளவுக்குள்ளை வேண்டாம். மணக்கும். சாமியறை இருக்கு, வீட்டிலை விரதகாரர் இருக்கினம். ஒழுங்கையிலை, வேலிக்கரையோடை விட்டிட்டுப் போங்கோ. ஒருத்தரும் தொட மாட்டினம்.”

மீன் மணக்கவில்லை, வள்ளம் மணக்கிறதாம். அண்ணை கயிற்றை அவிழ்த்தார். நானும் அவிழ்த்தேன். ஒழுங்கை என்கிற அந்தக் குறுந்தெருவின் வேலிக்கரையில் வள்ளத்தைக் கவிழ்த்து, மேலே தென்னோலைக் கிடுகு போட்டு மூடிவிட்டு வந்தோம். மாரிமழை தொடங்கியபிறகு ஒருநாள் பார்க்கப் போனோம். கிடுகு கிடந்தது. வள்ளம் இல்லை. அது கிடந்த இடத்தில் சிராய்களும், நீலப் பெயின்ற் ஒட்டிய ஒரு துண்டுப் பலகையும், துருப்பிடித்த ஆணிகளும் சேற்றுக்குள் கிடந்தன. யாரோ கோடாலியால் கொத்தி விறகாக்கியிருந்தார்கள். படலையில் நின்று கூப்பிட்டோம். ஒருவரும் வரவில்லை. அண்ணை குனிந்து ஆணிகளைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டார். நான் வேலியை உதைத்தேன். அண்ணை என்னை இழுத்துக்கொண்டு போனார். அடுத்த வருடம் எங்கள் அக்கா கழுத்திலும் காதிலும் கிடந்ததைக் கழற்றித் தந்து என்னைக் கொழும்புக்கு அனுப்பினா. அங்கிருந்து நான் இங்கே வந்து சேர்ந்தேன். அண்ணை வெங்காயம் கொத்தக் கூலிக்குப் போனார். கடல்காரனின் கை மண்வெட்டி பிடித்தது. எங்கே போனார் தெரியுமா? சிவநாதன் வீட்டுத் தோட்டத்துக்குத்தான். இப்போது அதை அவருடைய மைத்துனர் பார்க்கிறார்.

இந்தச் சிவநாதன்தான் இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழா மேடையில் ஏறி, “எங்களுடைய கடல், எங்களுடைய கரை” என்று குரல் தழுதழுக்கப் பேசியவர். மண்டபம் முழுக்கக் கைதட்டியது. நானும் என் மனைவி றெஜினாவும் பின்வரிசையில் இருந்தோம். றெஜினா என் கையைப் பிடித்து அமத்திக்கொண்டிருந்தாள், நான் எழும்பிவிடுவேன் என்று பயந்து. யாருடைய கடல்? எந்தக் கரை? கடல் எரிந்தபோது நாங்கள் உள்ளூர்ப் பள்ளிக்கூடங்களுக்கு இடம்பெயர்ந்து வந்தோம். எங்கள் பெண்களைக் கிணற்றில் வாளி போடவிடாமல், அள்ளி ஊற்றுகிறோம் ஏந்துங்கள் என்று தள்ளி நிறுத்தியவர்கள் யார்? ஊரைவிட்டுத் தூரப் போனதும் ஊர் முழுவதும் ஒன்றாகிவிட்டதாக ஒரு நாடகம். அந்த நாடகத்துக்கு எங்கள் கடல் வேண்டும், நாங்கள் வேண்டாம்.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம் பயணத்தைத் திட்டமிட எல்லோரும் சிவநாதன் வீட்டில் கூடுவதென்று முடிவானது. வேய்னுக்குக் கறிச் சாப்பாடு பிடிக்கும். சிவநாதனுக்கு மேற்பார்வையாளன் வீட்டுக்கு வருவது பிடிக்கும். வேய்னோடு வருவதாயிருந்த மற்ற வெள்ளைக்காரர் அன்று வரவில்லை. போகாதே என்று றெஜினா சொன்னாள். “உன்ரை கோபம் எனக்குத் தெரியும். அந்த வீட்டிலை போய்ச் சாப்பிடக் குந்தினால் உனக்குத் தொண்டையாலை இறங்காது” என்றாள். ஆனால் எனக்கு அந்தத் தண்ணீர் வேண்டியிருந்தது. அதோடு, படலைக்கு இந்தப் பக்கம் நின்ற நான் உள்ளே போய்க் கதிரையில் இருந்து பார்க்கவேண்டும் என்ற வீம்பும் இருந்தது.

கதிரையில் இருந்தேன். சிவநாதனின் மனைவி பரமேஸ்வரி வடையும் தேநீரும் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனா. எல்லோருக்கும் ஒரே மாதிரியான கோப்பைதான். அதையும் நான் கவனித்தேன் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் கவனித்தேன். வேய்ன் மேசை நிறைய வரைபடத்தை விரித்தான். நீல நிறத்தில் ஏரிகள், அவற்றுக்கிடையே சிவப்புக் கோடுகளாகப் போர்ட்டேஜ் பாதைகள். பனிக்கட்டி அப்போதுதான் உருகியிருக்கும், தண்ணீருக்குள் விழுந்தால் சில நிமிடத்தில் கைகால் இழுத்துவிடும், ஆகவே மிதவை அங்கியைக் கழற்றவே கூடாது என்றான். சாப்பாட்டை மரத்தில் கட்டித் தொங்கவிடவேண்டும், கரடி எழும்பிவிட்டிருக்கும் என்றான். ட்ரவுட் மட்டும்தான் பிடிக்கலாம், வேறொரு இன மீன் முட்டையிடும் காலம் என்பதால் அதற்கு இன்னும் தடை என்றான். முட்டை இடுகிற மீனுக்கு இந்த அரசாங்கம் காவல் நிற்கிறது. நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேய்ன் விரலை ஒரு சின்ன ஏரியில் வைத்து, “இங்கே மீன் நிச்சயம். பிளேன் வந்து போடுகிறது” என்றான்.

நான் கோப்பையை வைத்துவிட்டேன். “பிளேன்? என்ன போடுகிறது?”

“மீன்” என்றான். “மீன்குஞ்சு. தாழப் பறந்து ஏரிக்குள் கொட்டிவிட்டுப் போகும்.”

சிவநாதன் சத்தமாகச் சிரித்தார். “தம்பி குண்டு எண்டு நினைச்சிட்டார்” என்று தமிழில் சொல்லி, அதை வேய்னுக்கும் ஆங்கிலத்தில் சொன்னார். வேய்னும், என்னவென்று விளங்காமலே, மரியாதைக்குச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வானத்திலிருந்து மீன் போடுகிற நாடும் உலகத்தில் இருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் அறிந்தேன். அதில் சிரிக்க எனக்கு என்ன இருக்கிறது?

பிறகு வேலை பிரித்தார்கள். சமையல் யார், கூடாரம் யார் என்று வேய்ன் கேட்டான். மீன் வெட்டுவது யார் என்று வந்ததும் சிவநாதன் என்னைக் காட்டி முந்திக்கொண்டார். “அது தாஸ். அவருடைய ஆட்கள் பரம்பரை பரம்பரையாக அதுதான். வெரி எக்ஸ்பேர்ட்.” வேய்ன் என்னைப் பார்த்து, கொடுத்துவைத்தவன் என்பதுபோல் பெருவிரலைக் காட்டினான். அவனுக்கு அது பாராட்டு. சொன்னவருக்கும் கேட்ட எனக்கும் அது என்னவென்று தெரியும்.

கடைசியில் விறகு. காட்டில் நிற்கிற மரத்தைத் தொடக்கூடாது, விழுந்த மரம் மட்டும்தான், அதுவும் ஈரமாக இருக்கும் என்று வேய்ன் சொன்னான். “ஈர விறகைக் கொத்திப் பழக்கம் இருக்கிறதா?” என்று எங்கள் இருவரையும் பொதுவாகக் கேட்டான்.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் சொன்னேன். என் அப்புவின் வள்ளம். சண்டை. இந்த மனிதரின் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தெருவில் விட்டேன். திரும்பி வர வள்ளம் இல்லை. ஃபயர். வேய்ன் கண்ணை அகல விரித்துக் கேட்டான். கேட்டு முடித்ததும் சிவநாதனின் தோளில் கையைப் போட்டான்.

“சண்டைக்குள் இவருடைய வள்ளத்தை நீ பாதுகாத்துக் கொடுத்தாயா? துப்பாக்கிச் சூட்டில்தான் அது போனதா? நீ நல்ல மனிதன், சிவா.”

ஃபயர் என்று நான் சொன்னது விறகு நெருப்பை. அவன் காதில் அது துவக்குச் சூடாக விழுந்துவிட்டது. சிவநாதன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வேய்னைப் பார்த்து, “யெஸ், யெஸ். வெரி டிஃபிகல்ட் ரைம்” என்றார்.

நான் எழும்பிச் சிவநாதன் பக்கம் திரும்பினேன். “அண்ணை, அவனுக்குச் சரியாய்ச் சொல்லுங்கோ.”

“தம்பி, வெள்ளையனுக்கு முன்னாலை இப்ப ஏன் உந்தக் கதை?”

“படலையைத் திறக்கேல்லை எண்டு சொல்லுங்கோ. மணக்கும் எண்டு சொன்னனீங்கள். அதைச் சொல்லுங்கோ.”

“எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை. எத்தினை சனம் அந்தக் காலத்திலை வந்து போனது...”

“எனக்கு ஞாபகம் இருக்கு” என்று குசினி வாசலில் இருந்து குரல் வந்தது. பரமேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு நின்றா. “நீலப் பெயின்ற் அடிச்ச வள்ளம். ஆர் வெட்டினதெண்டு தம்பிக்கு இன்னும் தெரியாதோ? இவர்தான் வெட்டினவர். நான்தான் எரிச்சனான்.”

“பரமேஸ், நீ உள்ளை போ.”

“போறன். மழை தம்பி. வெளியிலை இறங்கேலாமல் ஷெல். வீடு நிறைய இடம்பெயர்ந்த சனம். அடுப்புக்கு ஒரு மட்டை, ஒரு பாளை காயேல்லை. அது ஒண்டுதான் கிடுகுக்குக் கீழை காய்ஞ்சு கிடந்தது. சோறெல்லாம் பெயின்ற் மணம். பிள்ளையள் சாப்பிட மாட்டம் எண்டு அழுததுகள், அடிச்சுத் தீத்தினனான்.” பிறகு கணவனைத் திரும்பிப் பார்த்தா. “ஞாபகமில்லை எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. கோடாலி வழுக்கிக் காலிலை பட்ட தழும்பு இப்பவும் கிடக்கு. குளிக்கேக்கை நீங்கள் அதைப் பார்க்கிறேல்லையோ?”

சிவநாதன் மேசைக்குக் கீழே தன் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். சப்பாத்தும் காலுறையும் போட்டிருந்த காலை.

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது கத்தியிருப்பேன், கொஞ்சம் ஆறியிருப்பேன். பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிய தாயோடு எப்படிச் சண்டை பிடிப்பது? என் கோபத்தில் பாதியை அவ பறித்துக்கொண்டா. மற்றப் பாதி இரண்டு மடங்காகியது. எங்கள் வள்ளம் வளவுக்குள் வந்தால் தீட்டு, அடுப்புக்குள் வந்தால் இல்லை. நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேய்ன் பின்னால் வாசல்வரை ஓடிவந்து, “தாஸ், என்ன நடந்தது? என்ன நடந்தது?” என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. “வூட்” என்றேன். அவன் தலையை ஆட்டினான், விளங்கினதுபோல.

திங்கட்கிழமை சிவநாதன் தனக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, வரமுடியாது என்று வேய்னிடம் சொல்லிவிட்டார். என் பக்கம் திரும்பவேயில்லை. மதியம் வேய்ன் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான், உங்கள் இருவருக்கும் ஒரு வள்ளத்தாலேதான் பிரச்சினை என்று எனக்குத் தெரிகிறது, என் வீட்டுக் கராஜில் பழைய கனூ ஒன்று சும்மா கிடக்கிறது, நீ எடுத்துக்கொள், காசு வேண்டாம், சிவாவோடு கதை என்று. வேய்ன் நல்லவன். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவனுக்கு முன்னால் நின்று எங்கள் சாதியை விளக்கவும் வெட்கம், விளக்காமல் விடவும் வெட்கம். எங்கள் அழுக்கை நாங்கள் ஆங்கிலத்தில் கழுவமுடியாது. தமிழில் கழுவ எங்களுக்கு மனமில்லை.

பயணத்துக்கு முந்திய கிழமை அண்ணையிடமிருந்து தொலைபேசி வந்தது. றெஜினாதான் எடுத்துக் கதைத்துவிட்டு என்னிடம் தந்தாள். அண்ணியின் கண் வைத்தியத்துக்காக இருவரும் கொழும்புக்கு வந்து ஒரு லொட்ஜில் நின்றார்கள். நான் ஊரைவிட்டு வந்த பிறகு அவருடைய குரலைக் கேட்பது அதுதான் முதல்தடவை. சுகம் விசாரித்து முடிய முன்னமே நான் கொட்டிவிட்டேன்.

“அண்ணை, வள்ளத்தை வெட்டினது ஆரெண்டு தெரிஞ்சிட்டுது.”

“எனக்கு அப்பவே தெரியும்.”

“தெரிஞ்சுகொண்டோ அவையின்ரை தோட்டத்திலை போய்க் கொத்தினனீங்கள்?”

“வேறை ஆர் எனக்கு வேலை தந்தது? கடல் தந்ததோ?”

“எனக்கு ஏன் சொல்லேல்லை?”

“சொன்னால் நீ கத்தியோடை போயிருப்பாய். பேந்து உன்னை எங்கை கனடாவுக்கு அனுப்புறது?” அவர் குரலில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது. “அங்கை அந்த மனிசனோடை சண்டை கிண்டை பிடிச்சுப்போடாதை தாசு. கதை ஊருக்கு வந்து சேர்ந்தால் எனக்குத்தான் வேலை போகும். கிழமையிலை மூண்டு நாள் இப்பவும் அவையின்ரை தோட்டத்திலைதான் கொத்திறன்.”

“மிச்ச நாள்?”

“மிச்ச நாள் கடலுக்கை. வள்ளத்திலை போகேலாது, கழுத்தளவு தண்ணியிலை நிண்டு வலை பிடிக்கிறம். விடியப்புறம் இறங்கினால் வெயில் ஏற ஏறிடுவம். காலெல்லாம் ஊறி வெளிறிப்போச்சு.” பிறகு கேட்டார், “நீயும் மீன்பிடிக்கப் போறியாம், றெஜினா சொன்னாள். அங்கையும் தொழில் தொடங்கிட்டியோ?”

“தொழில் இல்லை அண்ணை. சும்மா. லீவுக்கு.”

“சும்மாவோ?” என்றார். அவர் சிரித்தாரா என்று எனக்குச் சரியாகக் கேட்கவில்லை.

ஆகவே நான் யாரிடம் கோபிப்பது? வெட்டியவரிடமா? எரித்த மனிசியிடமா? தெரிந்தும் தலையைக் குனிந்து மண்ணைக் கொத்துகிற என் சொந்த அண்ணையிடமா? அவரைக் குனியவைத்துவிட்டு, நிமிர்ந்து நிற்கிற சுதந்திரத்தோடு பனிக்குள் நிற்கிற என்னிடமா? சிவநாதன் அடுத்த விழாவிலும் மேடை ஏறுவார். கடலைப் பற்றிப் பேசுவார். நான் எழும்பினால் அங்கே ஒரு தோட்டத்தில் ஒருவருக்குக் கூலி நின்றுபோகும். இவ்வளவு தூரம் ஓடி வந்த பிறகும் என் வாயில் அந்த வீட்டின் பூட்டுத்தான் தொங்குகிறது.

நான் போனேன். வேய்னும் நானும் மட்டும். மற்ற ஆளும் கடைசியில் வரவில்லை. மரங்கள் இன்னும் இலைவிடாமல் மொட்டையாக நின்றன. நிழல் விழுகிற கரைகளில் பனிக்கட்டி மிஞ்சிக் கிடந்தது. கனூவைத் தலையில் தூக்கி நடந்தேன், அது சுமக்க இலேசாக இருந்தது. தண்ணீரில்தான் எனக்குத் தோல்வி. கடலில் நின்றபடியே வலை வளைத்தவன் நான். இந்தக் கனூவில் திரும்பி உட்கார்ந்தாலே அது உருள்கிறது. அந்த மீனின் போக்கும் எனக்குப் பிடிபடவில்லை. வேய்ன் ஒவ்வொன்றாகப் பிடித்தான். பிடித்ததைக் கையால் தடவி, திரும்பத் தண்ணீருக்குள் விட்டான். சாப்பிட ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் விட்டான். பிடித்த மீனை விடுகிறவனை நான் அதுவரை கண்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் வளைவுக்கு அப்பாலிருந்து இன்னொரு கனூ வந்தது. அதில் சீருடை போட்ட இருவர். எங்களை நோக்கி நேரே வந்தார்கள். சீருடையைக் கண்டதும் என் கை இரண்டும் தாமாக மேலே போய்விட்டன. துடுப்பு தண்ணீரில் விழுந்து மிதந்து போனது. அவர்களில் ஒருத்தி, சின்னப் பெண், சிரித்துக்கொண்டு ஏதோ கேட்டாள். “ஐ ஹாவ் லைசென்ஸ், ஐ ஹாவ் லைசென்ஸ்” என்று நான் கத்தினேன். அவர்கள் வனக்காவலர், அவள் கேட்டது மீன் பட்டதா என்று. வேய்ன் சிரித்தான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டான். அந்தப் பெண் என் துடுப்பைப் பிடித்து, தண்ணீரை உதறி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினாள். உங்களுக்கு நல்ல நாளாக அமையட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

வெயில் சாயக் கூடாரத்தடிக்குத் திரும்பினோம். முன்னால் இருப்பவன்தான் முதலில் தண்ணீருக்குள் இறங்கி வள்ளத்தைப் பிடிக்கவேண்டும். நான் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்கால்வரை தண்ணீர். கத்தியால் அறுக்கிற குளிர். வேய்ன் மற்றப் பக்கத்தால் கல்லில் தாவி ஏறி, விறகு பார்க்கப் போய்விட்டான். இங்கே பொழுது படுகிறது. அங்கே விடியப்போகிறது. அண்ணை இப்போது கொழும்பால் திரும்பி ஊருக்குப் போயிருப்பார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, இருட்டோடு இருட்டாக, இளஞ்சூடான உப்புத் தண்ணீருக்குள் கழுத்துவரை இறங்கிக்கொண்டிருப்பார். என் பையில் இந்த மாகாணம் தந்த மீன்பிடி அனுமதி அட்டை இருந்தது. எந்த ஏரியிலும் பிடிக்கலாம். ஒருவரும் மறிக்கமாட்டார்கள்.

கால் விறைத்து, பிறகு எரிந்து, பிறகு இருக்கிறதா என்றே தெரியாமல் போனது. வேய்ன் விறகோடு திரும்பி வந்து என்னைக் கண்டுவிட்டுப் பதறினான். “தாஸ், வெளியே வா! கால் போய்விடும்!” என்று கரையிலிருந்து கத்தினான். வாறன் என்று தமிழில் சொன்னேன். சொல்லிவிட்டு, வள்ளத்தின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, அந்தத் தண்ணீருக்குள் அப்படியே நின்றேன்.